அளவு ஜாக்கெட்

என் மனைவியின் அலமாரியிலிருந்து ஒரு ஜாக்கெட்டைத் திருடி, செய்தித்தாளில் சுற்றி, தயிர்சாத டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது பஸ் குலுங்கி, மடியிலிருந்த பை சரிந்தது. டப்பா ஒரு பக்கம் உருண்டது, தாள் ஒரு பக்கம் பறந்தது. ஜாக்கெட் மட்டும் நடைபாதை நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கிடந்தது.

கண்டக்டர் அதைத் தூக்கிப் பெண்கள் பக்கம் திரும்பினார். "யாருதும்மா இது?"

நான் கையை நீட்டினேன்.

"சாருதா?"

"வீட்டுக்காரங்களுது. தைக்கக் குடுக்கப் போறேன்."

"ஏன் சார், கடலூர்ல டைலரே இல்லியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். சொன்னதும் பொய். நான் தைக்கக் கொடுக்கப் போகவில்லை. தைக்கக் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் இந்தத் தொடரை என் கல்லூரி விடுதி நாட்களோடு நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி இந்த வாரம் முதல் வேலை கிடைத்த கதை வரவேண்டும். அது காத்திருக்கட்டும். இந்த விஷயத்தை எழுதச் சொன்னவள் ஸ்டெல்லா, என் மனைவி. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் வரிசையில் அவளைப்போல உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்துவிட்டு, "எழுதுங்க, யாராவது படிப்பாங்க" என்றாள். எழுதியதை வாங்கிப் படித்து, இரண்டு இடங்களில் அடித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். அடித்தது இரண்டுமே நான் என்னை நல்லவனாகக் காட்டிக்கொண்ட இடங்கள்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவுக்குப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மழைக்காலம் முடிகிற சமயம். வார்டு ஜன்னலில் ஈரத்துணிகள் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

கட்டு மாற்ற நர்ஸ் வரும்போது, "கூட இருக்கறவங்க பாத்துக்கங்க, வீட்ல நீங்கதான் பண்ணணும்" என்றார். நான் தண்ணீர் பாட்டில் நிரப்பிவருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன். மறுநாளும் எனக்கு ஏதோ வேலை இருந்தது. கடைசியில் ஸ்டெல்லாவின் தங்கைதான் பார்த்துக் கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் தங்கி அவளே எல்லாம் செய்தாள். நான் மாத்திரை வாங்கினேன், பழம் வாங்கினேன், பில்களை அடுக்கி வைத்தேன். காயத்தை மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை.

உடம்பு தேறியதும் ஒரு காலையில் ஸ்டெல்லா கண்ணாடிமுன் நின்று ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எதைப் போட்டாலும் இடது பக்கம் சுருங்கி மடிந்தது. கட்டில்மேல் குவியல் உயர்ந்துகொண்டே போனது. கடைசியாக ஒன்றைப் போட்டு, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "பாருங்க, தெரியுதா?" என்றாள்.

நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்: "இந்த வயசுல யாரு பாக்கப் போறா?"

ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் குவியலை மடித்து உள்ளே வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு வரவில்லை.

ஸ்டெல்லாவைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். எங்கள் பங்குக் கோவிலில் பல வருஷமாகப் பூசையில் பைபிள் வாசகம் படித்தவள் அவள். குரல் அப்படி. கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் விழித்துக்கொள்வார். அவள் அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலைத் தாண்டவில்லை. பால் பாக்கெட் எடுக்கக்கூட மேலே துண்டு போட்டுக்கொண்டுதான் போனாள். படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கொண்டுபோவதுபோல ஃபாதர் எங்கள் வீட்டுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவந்தார். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, "நான் என்ன படுத்தா கெடக்கறேன்?" என்று கோபப்பட்டாள். அடுத்த வாரமும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் சொல்லி, சிலிக்கோனில் செய்த செயற்கை மார்பு ஒன்றை வாங்கினோம். கடலூர் வெயிலில் அதை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் இருக்க முடியவில்லை. வியர்த்து வழுக்கி இறங்கியது. வந்த பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

மஞ்சக்குப்பத்தில் அவளுக்கு வழக்கமாகத் தைக்கும் டைலரிடம் நான் போய்ச் சொல்வதாகச் சொன்னேன்.

"என்னன்னு சொல்லுவீங்க?"

செருப்பை மாட்டப் போனவன் நின்றுவிட்டேன். "வேணாம், உடுங்க" என்றாள்.

ஆளுக்கு முன்னால் வந்தது

அந்த டைலர் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட ஸ்டெல்லாவின்மேல் டேப் வைத்ததில்லை. நம் ஊர்களில் அது வழக்கமே இல்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துப் புதியதைத் தைப்பார். உடம்பு கொஞ்சம் மாறினால், "அரை இஞ்ச் தளத்தி வைங்க, உள்ள துணி உடுங்க" என்று சொன்னால் போதும்.

எங்கள் கல்யாணத்தின்போதும் அப்படித்தான். ஸ்டெல்லாவின் வீடு திட்டக்குடிப் பக்கம். பெண் பார்த்த அன்று அவள் தலையே நிமிரவில்லை. நான் பார்த்தது வகிட்டைத்தான். அடுத்த வாரம் கூறைப்புடவைக்கு ஜாக்கெட் தைப்பதற்காக அவளுடைய அளவு ஜாக்கெட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டு அவள் மாமா கொண்டுவந்தார். நீலத்தில் சின்னப் பூப்போட்டது. கையில் ஒரு மஞ்சள் கறை. என் அக்கா அதை விரித்துப் பிடித்து, "பொண்ணு ஒல்லிதான், ஆனா தோள் நல்லா எடுப்பா இருக்கு" என்று கூடத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். நான் பக்கத்து அறையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவளோடு ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அவளுடைய தோளின் அகலம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மேலவீதிச் சந்தில்

தையல் கற்றுக்கொள்ளச் சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கோழைத்தனம். கடலூரில் எங்கே போனாலும் எங்கள் பங்கைச் சேர்ந்த யாராவது இருப்பார்கள். ஸ்டெல்லாவிடம், சிதம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் வாரம் மூன்று நாள் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன்.

மேலவீதியை ஒட்டிய ஒரு சந்தில், துணிக்கடை மாடியில் வகுப்பு. படியேறும்போதே மெஷின் எண்ணெய் வாசனை வரும். நடத்தியவர் ஷமீம் டீச்சர், முப்பத்தைந்து வயதிருக்கும். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. அதை எடுக்காமலேயே பேசுவார்.

"ஆம்பளைங்களுக்கு பேன்ட், சட்டை க்ளாஸ் கீழவீதில நடக்குது சார்."

"எனக்கு ஜாக்கெட்தான் கத்துக்கணும்."

"யாருக்கு?"

"என் மனைவிக்கு. பிறந்தநாளுக்குத் தைச்சுக் குடுக்கலாம்னு."

டீச்சர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வூட்டுக்காரருக்கு இத மொதல்ல போன் பண்ணிச் சொல்லணும்" என்று சொல்லி வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

கால்மெஷின் எனக்கு அடங்கவில்லை. மிதித்தால் சக்கரம் பின்னால் சுற்றியது, நூல் அறுந்தது. பக்கத்து மெஷினில் தேவகி. கிள்ளையிலிருந்து வருகிறவள், மீன்பிடிக் குடும்பம். முதல் நாளே என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, வண்டி ரிவர்ஸ்ல போவுது. கடலூருக்கே திரும்பிடப் போறீங்க."

அளவுகளை நான் சென்டிமீட்டரில் புள்ளிவைத்து எழுதியதைப் பார்த்த ஷமீம் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், நாம ராக்கெட் உடல. ஜாக்கெட் தைக்கறோம். இஞ்ச்ல எழுதுங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டில் பல மாதமாக யாரும் சிரித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மெல்ல மெல்லத் தையல் நேரானது. ஹெம்மிங் வந்தது. கொக்கி வைக்க வந்தது. கண்ணில் நீர் கட்டும்வரை ஊசியில் நூல் கோத்தேன். ஒருநாள் டீச்சர், "நாளைக்கி அளவு ஜாக்கெட் எடுத்தாங்க சார், வெட்டிடலாம்" என்றார். அன்றுதான் அலமாரியைத் திறந்தேன்.

மடித்த துணி

ஜாக்கெட் வெட்டும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. துணியை இரண்டாக மடித்து, அளவை வரைந்து, ஒரே வெட்டு. விரித்தால் வலதும் இடதும் ஒன்றுபோல வந்துவிடும். பாடம் நடத்தியவனுக்கு அந்த ஒழுங்கில் ஒரு மயக்கம் வந்தது.

என் திட்டம் சுலபமானது. ஸ்டெல்லாவின் அளவு ஜாக்கெட் ஆபரேஷனுக்கு முந்தையது. அதே அளவில் தைத்து, இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்து, பஞ்சை அடைத்துவிட்டால் பழைய வடிவம் வந்துவிடும். அரக்கு நிறத்தில் டூ பை டூ பருத்தித் துணி எடுத்தேன். பையை மட்டும் வகுப்பில் யாருக்கும் தெரியாமல் கடலூரில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையால் தைத்தேன்.

முடித்துக் கையில் கொடுத்தபோது ஸ்டெல்லா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உள்ளே வெளியே திருப்பினாள்.

"ஹெம்மிங் யாரு பண்ணது?"

"நான்தான்."

"மெஷின் தையலு?"

"அதுவும் நான்தான்."

"டியூஷன் சென்டர்லயா?"

அவள் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து வந்தாள். ஜாக்கெட்டின் இடது கை அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கை வீங்கியே இருக்கிறது; எனக்குத் தெரிந்த விஷயம்தான், யோசிக்கவில்லை. அக்குள் பக்கம் துணி இழுத்தது. பஞ்சு கழுத்தெலும்பை நோக்கி ஏறி உட்கார்ந்திருந்தது.

"இது எனக்குத் தைச்சது இல்லங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அந்தப் பழைய ஜாக்கெட்டுக்குத் தைச்சது."

கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மெஷின்கள் நின்றபோது

அடுத்த வகுப்பில் ஜாக்கெட்டை ஷமீம் டீச்சர்முன் வைத்தேன். உள்பையை அவர் விரலால் தடவிப் பார்த்தார். "இது என்ன சார்?"

சொன்னேன். ஆபரேஷனைச் சொன்னேன். பிறந்தநாள் என்று சொன்னது பொய் என்றேன். 

டீச்சர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தார். "ஆள்மேல வச்சி அளவு எடுத்தீங்களா?"

"இல்ல. ஜாக்கெட்லதான்."

"நானும் அளவு ஜாக்கெட்டத்தான கேட்டேன்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "நானுந்தான கேட்டேன்."

பக்கத்திலிருந்து தேவகி, "மாமாவுக்கு வெக்கத்தப் பாரேன். கட்டிக்கினு எத்தினி வருஷம் ஆவுது, ஒரு டேப்பு வைக்க..." என்றாள்.

"வெக்கம் இல்லம்மா. பயம்," என்றேன். "அந்த இடத்த நான் இன்னும் பாக்கவே இல்ல."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தேவகி எழுந்துவந்து, ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுருட்டி என் சட்டைப்பையில் வைத்தாள். "கெளம்புங்க மாமா. அத்தை வூட்லதான இருக்காங்க."

"அளவு வேற வேறயா வரும் சார்," என்றார் டீச்சர். "மடிச்சு வெட்ட முடியாது. நான் அப்டி வெட்னதே கெடையாது. நீங்க எடுத்தாங்க, பேப்பர்ல வெட்டிப் பாப்போம்."

டேப்

அன்று இரவு மாடி வகுப்பைப் பற்றி எல்லாவற்றையும் ஸ்டெல்லாவிடம் சொல்லி, அளவெடுக்க வேண்டும் என்றேன். மறுநாள் மதியம். ஜன்னல் திரையை ஸ்டெல்லாவே இழுத்துவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அவள்முன் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டு டேப்பை எடுத்தேன்.

"கண்ணாடி இல்லாம உங்களுக்கு இஞ்ச் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. அது அவளுக்கும் தெரியும்.

"போட்டுக்கிட்டுப் பாருங்க."

போட்டுக்கொண்டேன். பார்த்தேன்.

ஒரு கோடு. அக்குளில் தொடங்கிச் சற்றுச் சாய்ந்து நடுநெஞ்சுவரை போயிருந்தது. சுற்றியிருந்த தோல் பளபளப்பாக, கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அக்குளுக்குக் கீழே ஒரு பள்ளம். கோட்டின் இரு பக்கமும் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒரே இடைவெளியில். இத்தனை மாதம் நான் மனதில் வைத்துப் பயந்துகொண்டிருந்தது வேறு ஏதோ. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது ஸ்டெல்லாவின் உடம்பு.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயில் வந்தது இதுதான்: "தையல் நேரா இருக்கு."

ஸ்டெல்லா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "டாக்டரு எந்த மாடில கத்துக்கிட்டாராம்?" என்றாள்.

அளவெடுத்தேன். தோள், அக்குள் சுற்று, கைச் சுற்று, நடுவிலிருந்து வலது, நடுவிலிருந்து இடது. அவள் இடம் சொல்லச் சொல்ல எடுத்து எழுதினேன். தழும்பின்மேல் டேப் பட்டபோது, "வலிக்குதா?" என்றேன்.

"மரத்துப்போச்சு அங்க. ஓரத்துலதான் லேசா இழுக்கும்." டேப்பைத் தானே நேராக்கிவிட்டு, "கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்" என்றாள்.

அன்று நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்ன வாக்கியத்துக்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை மறந்திருப்பாள் என்று ஓர் ஆசை இருந்தது. மறக்கவில்லை. "அன்னிக்கி எனக்கு செத்துடலாம்னு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். பிறகு கையைத் தூக்கிக் காட்டி, "இந்த அக்குள் சுத்த இன்னொருவாட்டி எடுங்க, லூஸா புடிச்சிட்டீங்க" என்றாள்.

கடுகு

துணியை மடிக்காமல் விரித்துப்போட்டு, வலது பாதியைத் தனியாகவும் இடது பாதியைத் தனியாகவும் வெட்டினோம். ஷமீம் டீச்சருக்கே கை தயங்கியது. முதலில் பேப்பர் பல வீணாயின. பிறகு மலிவுத் துணியில் ஒன்று வீணாயிற்று. இடது அக்குள் தையலை இரண்டு முறை பிரித்தேன். இடது கையை அகலப்படுத்தி, மடிப்பில் துணி விட்டேன்.

ஆனாலும் போட்டுக்கொண்டு நடந்தால் பஞ்சு மேலே ஏறியது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் ஸ்டெல்லா. "இந்தப் பக்கம் கனம் இருக்கு, அந்தப் பக்கம் இல்ல. ஏறத்தான செய்யும்?" சமநிலை பற்றி எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

பஞ்சை எடுத்துவிட்டு முதலில் பச்சைப்பயறு போட்டுப் பார்த்தாள். உறுத்தியது.

"மழைல நனைஞ்சா மொளைச்சிடும்" என்றேன்.

"வாய மூடுங்க."

அப்புறம் கைக்குழந்தைத் தலையணைக்குப் போடுகிற கடுகு ஞாபகம் வந்தது அவளுக்கு. ஒரு பழைய மெல்லிய மல் துணியில் சின்னப் பையாகத் தைத்து, கடுகைக் கொட்டி, மேலே கொஞ்சம் பஞ்சு வைத்தாள். குலுங்காமல், உடம்போடு ஒட்டி உட்கார்ந்தது. வியர்த்தால் பையை எடுத்து வேறு பை வைத்துக்கொள்ளலாம். 

"பூசைல யாராவது பக்கத்துல வந்தா தாளிச்ச வாசனை வருதும்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகவே, "நல்லாருக்கு" என்றேன், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு.

பூசை என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு வெகு நாளாகியிருந்தது. நான் கீழே சிந்திய கடுகைப் பொறுக்கினேன்.

ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்பே குளித்துவிட்டு நின்றாள். புதிதாகத் தைத்த அரக்கு ஜாக்கெட், சந்தன நிறப் புடவை. கோவிலில் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், கையைப் பிடித்தார்கள். வாசகம் படிக்க வேண்டிய பையன் அவளைக் கண்டதும் வந்து குனிந்து, "ஆன்ட்டி, நீங்களே படிக்கறீங்களா?" என்றான். அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போனாள்.

மைக் அந்த உயரமான பையனுக்காக ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. வலது கையில் புத்தகம். ஸ்டெல்லா இடது கையைத் தூக்கினாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு தோளுக்கு மேலே அந்தக் கை போய் நான் பார்த்ததில்லை. என் கண் இரண்டு முறை பிரித்துத் தைத்த அக்குள் தையலுக்குப் போனது. அவள் மைக்கைப் பிடித்து, அதன் கழுத்தை வளைத்து, தன் வாய்க்கு நேராக இறக்கினாள். தையல் பிரியவில்லை. படிக்க ஆரம்பித்தாள். கடைசி பெஞ்சுவரை கேட்டது.

பூசை முடிந்து ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கோவில் வாசலில் வேப்பமரத்தடியில் அவளைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். நான் போய், "போலாமா?" என்றேன்.

"நீங்க போயி ஒலை வைங்க. நான் பேசிட்டு மெதுவா வர்றேன்."

தனியாக வீட்டுக்கு வந்தேன். சோறு வடித்தேன். ரசம் வைத்தேன். வெயில் ஏறியது. ரசம் ஆறிப்போனது. வாசலில் வந்து நின்று தெருவைப் பார்த்தேன். பல மாதமாக மூடியே கிடந்த வீட்டிலிருந்து ஒருத்தி வெளியே போய் இன்னும் திரும்பி வரவில்லை என்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

வந்தவள் ஃபேனைப் போட்டுவிட்டு அதன்கீழே உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. ஜாக்கெட் கழுத்தை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"இது ஒரு கால் இஞ்ச் ஏறிருக்கு. அடுத்ததுல எறக்கணும்."

"எறக்கிடலாம்."

"அந்தப் பச்சைப் புடவைக்கு ஒண்ணு வேணும். நீங்க எடுத்துட்டு வர்ற கலரு எனக்கு வேணாம். நாளைக்கி நானும் சிதம்பரம் வர்றேன்."

"பஸ்ல கூட்டமா இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள். "ஜன்னல் சீட்டு எனக்கு."